இரண்டாம் ஓலையில் எழுந்த தடை

என் தங்கையின் கல்யாணத்துக்கு மேலூர் சபையில் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, தடை சொல்லி எழுந்து நின்றவர் எங்கள் பெரியப்பா. அந்த மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசி முடித்ததும் அவர்தான்.

ஓலை என்று பெயரே தவிர, வாசிப்பது காகிதம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிறு தொடர்ந்து அறிவிப்பார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். அந்த நேரத்தில் சபையார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து அதுவரை யாரும் எழுந்ததில்லை. அன்றும் போதகர் பாட்டு எண்ணைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

"தடை இருக்கு," என்றார் பெரியப்பா. "மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர்."

இது யாருக்கும் புதுச் செய்தி அல்ல. மாப்பிள்ளை ஆண்கள் பக்கம் முன்வரிசையில் காக்கி உடுப்போடு உட்கார்ந்திருந்தார்.

அப்பா இறந்த பிறகு எங்களை வளர்த்தவர் பெரியப்பா. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் உபதேசியாராக நடந்தே ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். கொலை கூடாது என்னும் ஆறாம் கட்டளைக்கு விலக்கே கிடையாது என்பது அவர் கட்சி. ராஜா சொன்னாலும், சர்க்கார் சொன்னாலும், எதிரி எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் கூடாது. மாப்பிள்ளையை அவர் பார்த்தபோது அந்த மனிதர் மேலூர்க் கல்குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பூ வைத்து முடித்த பிறகு ஜப்பான் யுத்தம் வந்தது. மதுரைக்கு டயர் வாங்கப் போனவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்பினார். டயரும் வாங்கி வந்திருந்தார்.

இப்போது லீவில் வந்திருந்தார். மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள் கல்யாணம், அதற்கும் மறுநாள் ரயில். தடை தீராவிட்டால் தாலி கட்டாமலே போக வேண்டியதுதான். அடுத்த லீவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த லீவு உண்டா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

நான் அப்போது மதுரையில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். தந்தியில் வரும் யுத்தச் செய்திகளைத் தமிழாக்குவது வேலை. 'நமது படைகள் முன்னரே திட்டமிட்ட இடங்களுக்குப் பின்வாங்கின' என்பது அந்த வருஷம் நான் அடிக்கடி எழுதிய வாக்கியம். தங்கை பத்திரிகை வாசிப்பவள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவள் என்னிடம் கேட்டதில்லை.

தடையை விசாரிக்க சபைக் கமிட்டி பள்ளிக்கூடத்தில் கூடியது. தங்கை அங்கே ஆசிரியை. பெண்களுக்குக் கமிட்டியில் இடமில்லை. ஆனால் பள்ளிக்கூடச் சாவி அவளிடம் இருந்ததால் அவளை வெளியே போகச் சொல்ல முடியவில்லை. கமிட்டியார் முதல் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார்கள்.

போதகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உயிரோடு மனைவி இருந்தால் தடை, நெருங்கிய ரத்த உறவு தடை, வயது போதாவிட்டால் தடை. பட்டாளம் அதில் இல்லை.

"புஸ்தகம் போட்டவுக இப்படி ஒரு மாப்பிள்ளை வருவாருன்னு நினைச்சிருக்க மாட்டாக," என்றார் பெரியப்பா.

"உபதேசியாரே, நூற்றுக்கு அதிபதி ஒருத்தன், ரோமாபுரிப் பட்டாளத்துக்காரன், ஆண்டவர்கிட்ட வந்தானே. வேலையை விட்டுட்டு வான்னு அவர் சொல்லலையே," என்றார் போதகர்.

"சொல்லல. அவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சதாவும் எழுதியில்ல."

போதகர் பொறுமைசாலி. "எல்லாரும் உங்களை மாதிரியே கையைக் கட்டிக்கிட்டு இருந்தா நாளைக்கு ஜப்பான்காரன் மேலூருக்கே வந்துருவான். அப்ப என்ன செய்வீக?"

"வரட்டும். உபதேசம் பண்ணுவேன்."

"அவனுக்குத் தமிழ் தெரியாதே," என்று கவலைப்பட்டார் கதர் வாத்தியார்.

இவர் அதே பள்ளியின் மூத்த ஆசிரியர். கதர் தவிர வேறு துணி உடுத்தாதவர். தடையை ஆதரித்த ஒரே கமிட்டி உறுப்பினர் இவர்தான். ஆனால் பெரியப்பாவுக்கு இவருடைய ஆதரவு பிடிக்கவில்லை. காரணம், வாத்தியார் யுத்தத்துக்கு விரோதி அல்ல. சுதந்திர நாட்டைக் காக்கச் சண்டை போடுவது கிறிஸ்தவனின் கடமை என்றார். நம்மை அடக்கி வைத்திருப்பவனுடைய சுதந்திரத்தைக் காக்க நம் பையன் ஏன் சாக வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி.

"அப்ப நம்ம கொடி ஏறின பிறகு சுடலாங்கிறீரு," என்றார் பெரியப்பா.

"தேவைப்பட்டா."

"குண்டு பட்டவனுக்குக் கொடி தெரியுமாய்யா?"

இருவரும் மாப்பிள்ளையை மறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். இருவரும் ஒரே கட்சி என்பதைப் போதகர்தான் நினைவுபடுத்தினார்.

பிறகு மாப்பிள்ளையை விசாரித்தார்கள். யாரையாவது சுட்டதுண்டா என்று பெரியப்பா கேட்டார்.

"இல்ல மாமா. லாரி ஓட்டுறேன்."

"லாரியில என்ன போகுது?"

"அரிசி, வெங்காயம். சில நாள் பெட்டி."

"பெட்டியில என்ன?"

"திறந்து பாக்க எங்களுக்கு உத்தரவு இல்ல மாமா."

பெரியப்பா இதைக் குண்டு என்றே எடுத்துக்கொண்டார். எதற்காகப் பட்டாளத்தில் சேர்ந்தாய் என்று கதர் வாத்தியார் கேட்டார். மாப்பிள்ளை சற்று யோசித்தார்.

"குவாரிப் பக்கத்து டீக்கடையில எனக்குத் தேங்காச் சிரட்டையில ஊத்துவாக வாத்தியாரய்யா. பட்டாளத்துல எல்லாருக்கும் ஒரே தகரக் குவளை."

எங்கள் வீடும் அவர் வீடும் பண்ணை வேலையிலிருந்து வந்த வீடுகள். அந்தக் கடையில் எனக்கும் சிரட்டைதான். மதுரைக்கு வேலைக்குப் போன பிறகு நான் அங்கே டீ குடிப்பதில்லை.

"சுதந்திரம் வந்தா அதெல்லாம் மாறிரும்," என்றார் வாத்தியார்.

"வந்ததும் சொல்லி விடுங்க. லீவு போட்டுட்டு வாரேன்."

பெரியப்பா கடைசியாக ஒரு வழி சொன்னார். மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டால் தடையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். யுத்த காலத்தில் பட்டாளத்தை விட்டு ஓடினால் பிடித்துச் சுட்டுவிடுவார்கள் என்று மாப்பிள்ளை விளக்கினார்.

"கொல்லுறதுக்கு அப்படிச் சாகுறது மேல் மாப்ள," என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை. தனக்கு அந்த நிலை வந்தாலும் அதே விதி என்பதுபோலத்தான் சொன்னார்.

கதவருகே நின்ற தங்கை அப்போதுதான் பேசினாள். "பெரியப்பா, அவுக எப்படிச் செத்தாலும் அழப்போறது நான்தான். கட்டாம அழுதா ஊர்ல ஒரு மாதிரியாப் பேசுவாக. முதல்ல கட்டி வச்சிருங்க."

போதகர் ஓட்டெடுப்பு நடத்தினார். தடை தள்ளுபடியானது. பெரியப்பாவின் மனச்சாட்சிக்காக ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். காக்கி உடுப்போடு பீடத்தின் முன் நிற்கக் கூடாது.

மாப்பிள்ளையின் டிரங்குப் பெட்டியில் காக்கியைத் தவிர ஏதும் இல்லை. அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது கதர் வாத்தியாரின் வேட்டி சட்டைதான். ஆகவே ஆங்கில ராஜாவின் சிப்பாய் கதர் உடுத்திக் கல்யாணத்துக்கு வந்தார். வாத்தியாருக்கு அதுவரை இருந்த மனஸ்தாபம் எல்லாம் போய்விட்டது. பத்திரிகையில் போடலாமே என்று என் காதில் சொன்னார். போட்டால் மாப்பிள்ளையைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்றேன். எனக்கு அடுத்து நின்ற பெரியப்பா திரும்பினார்.

"உள்ள வச்சா எம்புட்டு நாள் வைப்பாக?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

பெண்ணைக் கையளிப்பது யார் என்று போதகர் ஆராதனை முறைப்படி கேட்டார். பெரியப்பா தங்கையின் கையைப் பிடித்து முன்னே வந்தார்.

"நான் குடுக்குறேன். பட்டாளத்துக்குக் குடுக்கல."

"அது கேள்வியில இல்ல," என்றார் போதகர் தணிந்த குரலில். தாலி கட்டப்பட்டது. மறுநாள் மாப்பிள்ளை காக்கிக்குத் திரும்பி மதுரையில் ரயிலேறினார். வேட்டியைத் துவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு தங்கை பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதை விட்டுவிட்டாள். கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து மெதுவாக முன்னால் வருவாள். எங்கள் பத்திரிகையின் முதல் பக்கம் அப்போது பர்மா எல்லையிலேயே இருந்தது.

புதன்கிழமைகளில் சபையில் ஜெபக் கூட்டம். ராஜாவின் சேனைக்கு வெற்றி கிடைக்க போதகர் ஜெபிப்பார். அப்படி ஜெபிக்கும்படி சர்க்கார் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடம் வரும்போது பெரியப்பா ஆமென் சொல்ல மாட்டார், இருமுவார். கதர் வாத்தியார் ஆமென் சொல்லிவிட்டு, எந்தச் சேனை என்று தான் மனதில் குறிப்பிடவில்லை என்று பிறகு விளக்குவார்.

கல்யாணமான அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை நானும் போயிருந்தேன். அன்று பெரியப்பாவை ஜெபிக்கச் சொன்னார்கள். மழைக்காக, வியாதிக்காரருக்காக ஜெபித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். வெற்றிக்காக ஜெபிக்க அவரால் முடியாது. தோல்விக்காகவும் முடியாது. மருமகனுக்காக ஜெபிக்காமல் உட்காரவும் முடியவில்லை என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

"ஆண்டவரே, எங்க மாப்பிள்ளை ஓட்டுற லாரி ரிப்பேராகி வழியிலேயே நின்னு போகட்டும்," என்றார்.

சபையார் பாதிப் பேர் ஆமென் சொன்னார்கள். மற்றவர்கள் யோசித்தார்கள். போதகர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"வழியில வேண்டாம் பெரியப்பா. ரோட்டுல நின்னா மேல இருந்து குண்டு போடுவான். பட்டறையில நிக்கட்டும்."

பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தின் நடுவில் திருத்தம் சொல்வது வழக்கமில்லை. ஆனால் பட்டறையில் நிற்கும் லாரி யாரையும் கொல்வதில்லை, அதில் வேலை செய்பவனையும் யாரும் கொல்வதில்லை. அவர் கட்சிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

"பட்டறையிலேயே நிக்கட்டும் ஆண்டவரே," என்றார். "சாமான் கிடைக்க நாளாகட்டும்."

இந்த முறை எல்லாரும் ஆமென் சொன்னார்கள். போதகரும் சொன்னார்.