எண்ணெய்ப் பானையில் ஊற்றிய பெட்ரோல்

என் அண்ணனுக்குப் பெட்ரோல் என்றால் பயம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அஜாக்கிரதையாக இருந்து செத்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுதத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அன்றைக்குப் பொழுது முழுக்க அவன் கூட இருந்தவள் நான்.

எங்கள் ஊர் சங்ககிரிக்குப் பக்கம். அப்பா போன பிறகு அண்ணன் வாடகைக்கு ஓட்டிய பழைய கார்தான் அம்மாவுக்கும் எனக்கும் சோறு போட்டது. அந்தக் காரின் டாங்கி அடியில் துருப்பிடித்துச் சொட்டத் தொடங்கியது. துணி துவைக்கிற சவுக்காரத்தைப் பிசைந்து ஓட்டையை அடைத்துப் பார்த்தான். மேடு பள்ளத்தில் குலுங்கி அது கழன்று விழுந்தது. மறுநாள் விடியற்காலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பெண் அழைக்க வருவதாக ஒத்துக்கொண்டிருந்தான். அதனால் காலையிலேயே வாசலில் டாங்கியைக் கழற்றிவிட்டான்.

யுத்தத்தால் பெட்ரோல் கூப்பனுக்கு அளந்துதான் கிடைத்தது. டாங்கியில் இருந்ததைக் கீழே கொட்ட மனசு வரவில்லை.

"அம்மா, அந்தப் பித்தளக் கொடத்தக் குடு. பெட்ரோல ஊத்தி வெக்கோணும்" என்றான்.

"குடிக்கிற தண்ணிக் கொடத்துலயா? அந்த நாத்தம் எந்தக் காலத்துக்கும் போவாது சாமி. கடலெண்ணெப் பானை சும்மாதான கெடக்குது."

"கசியாதா?"

"எத்தன வருசமா எண்ணெ ஊத்தி வெச்ச பானை! ஒரு சொட்டு வெளிய வந்துருக்குமா?"

எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன மண்பானை அது. அதற்குமேல் எதையும் குடிக்காது என்றுதான் எனக்கும் பட்டது. அண்ணன் பெட்ரோலை அதில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, யாரும் தூக்கிப் போய்விடக் கூடாதென்று ஜன்னல் இல்லாத உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

பிறகு அம்மாவிடம் அடுப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டான். பழைய கம்பஞ்சோற்றைக் கரைத்துக் குடித்தோம். டாங்கிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தான். சலவைச் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கழுவிக் கொட்டினான். கிணற்றுக்கும் வாசலுக்கும் நடந்து என் இடுப்பே விட்டுப்போனது.

பக்கத்துக் காட்டு மாமன் சுருட்டோடு வந்தார். "என்ன மாப்ள, மோட்டாருக்குப் பேதி குடுத்துருக்கறயாட்ட இருக்குது?"

"மாமா, அங்கயே நில்லுங்க! அத அணைச்சுப்போட்டு வாங்க. இல்லீன்னா உங்களுக்கும் எனக்கும் ஒரே பாடைதான்."

"உன்ற பாடைல என்னையப் படுக்க வெச்சா எடம் பத்தாதுடா" என்று தொந்தியைத் தட்டிக்கொண்டு சுருட்டை மண்ணில் தேய்த்தார். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று முனகினாள்.

வேப்பமரத்தடியில், வீட்டை விட்டுத் தள்ளி, கரி மூட்டி, ஈயம் பற்றவைக்கிற செம்புக்கோலைப் பழுக்க வைத்தான். டாங்கி நிறையத் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்தான். தண்ணீர் இருந்தால் உள்ளே பெட்ரோல் ஆவி சேராது, வெடிக்காது என்று அவனுக்குத் தெரியும். ஓட்டையைச் சுற்றிச் சுரண்டி, நவச்சாரம் தேய்த்து ஈயத்தை வைத்தால் ஒட்டவில்லை. உள்ளே இருந்த தண்ணீர் சூட்டை இழுத்துக்கொண்டது. திரும்பத் திரும்ப வைத்தான், உருண்டு உருண்டு விழுந்தது. பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது.

"கொஞ்சம் தண்ணிய எறக்கினாத்தான் புடிக்கும். அம்மிணி, நீ தூரப் போ."

நான் போகவில்லை. இரண்டு விரல் தண்ணீரை இறக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கோலை வைத்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சுர்ரென்று புகைந்தது, அவ்வளவுதான். ஈயம் பரவி வெள்ளிக் காசு போல ஒட்டிக்கொண்டது. நிமிர்த்திப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

நடுவில் ஒரு தடவை தண்ணீர்ச் சொம்பு எடுக்க வீட்டுக்குள் போனபோது எனக்குத் தலை சுற்றியது.

"ஏனுங்கண்ணா, ஊடெல்லாம் நாறுதே?" என்று கேட்டேன்.

"மோட்டார்க்காரன் ஊடு வேறெப்படி இருக்கும்? உன்னையக் கட்டிக்கப் போறவன் ஊடு மணக்கட்டும் போ" என்றான்.

டாங்கி காய்ந்து காரில் மாட்டும்போது இருட்டிவிட்டது. பெட்ரோலைத் திருப்பி ஊற்ற வேண்டும். அம்மா லாந்தரை ஏற்றிக் கொடுத்தாள். அதை அவன் வீட்டுக்குள் கொண்டு போகவில்லை. வெளிவாசல்படியிலேயே வைத்தான். அதை நான் கண்ணால் பார்த்தேன். "வெளக்கு இங்கயே இருக்கட்டும். ஆரும் எடுத்துக்கிட்டு உள்ள வராதீங்க" என்று சொல்லிவிட்டு, தடவிக்கொண்டே போய் உள்ளறைக் கதவைத் திறந்தான்.

பானை பகலெல்லாம் வியர்த்திருக்கிறது. உள்ளே ஊறியிருந்த எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. பானை பாதி காலி, சாணம் மெழுகிய தரை முழுக்க ஈரம். இதெல்லாம் பிறகு பெரியவர்கள் பார்த்துச் சொன்னது. நான் பார்த்தது வேறு. கதவு திறந்ததும் அந்த நாற்றம் தரையோடு நகர்ந்து என் காலைத் தாண்டிப் போனது. லாந்தர் ஒரு தரம் நிமிர்ந்து எரிந்தது. அப்புறம் தரைமேல் நீலமாக ஒன்று படியிலிருந்து உள்ளே ஓடியது. அண்ணனை நோக்கி ஓடியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாமன்தான் சாக்கை நனைத்துக்கொண்டு பாய்ந்து அவனை வெளியே இழுத்தார். வாழையிலை விரித்து மாமனின் மாட்டு வண்டியில் கிடத்தினோம். சேலம் ஆஸ்பத்திரிக்கு மாட்டை விரட்டினார் மாமன். அம்மா குனிந்து, "எரியுதா சாமி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கொஞ்சங்கூட எரியல. குளுருதாட்ட இருக்குது."

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எரியவில்லையாம். அந்த இருட்டில் அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். மாமனும் அதைக் கேட்டுவிட்டார். நோவு இல்லாதவனை எதற்குக் குலுக்க வேண்டும் என்று மாட்டை அதட்டுவதை நிறுத்தி, வண்டியை மெதுவாக ஓட்டத் தொடங்கினார். நரம்பு வரைக்கும் வெந்துபோனவனுக்குத்தான் நோவு தெரியாது என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அப்போது யாரும் மெதுவாகப் போக வேண்டாமென்று சொல்லவில்லை.