மாடியின் டோக்கன் அக்கா

நாத்தனாரைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவருடைய அக்காவும் நானும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களைச் சேர்த்தால் அதற்குள் ஒரு பிள்ளையைப் பெற்று நடக்கவே விட்டிருக்கலாம். பாத்ரூம் விளக்கை யார் அணைக்கவில்லை என்பதற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறோம். அதற்காக உள்ளதை இல்லை என்று சொல்ல முடியுமா?

அப்போது எங்கள் ஊரில் மூன்று டான்ஸ் கிளப்புகள் இருந்தன. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் ஒன்று. கோட்டு போடாதவனை அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இன்னொன்று. அங்கே பாட்டுச் சத்தத்தைவிட அடிதடிச் சத்தம் அதிகம். மூன்றாவது ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருந்தது. போர்டில் ஏதோ ஒரு பெயரை நீல விளக்கில் எழுதியிருந்தார்கள், பாதி எழுத்து எரியாது. நாங்கள் எல்லோரும் அதை 'மாடி' என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை சாயங்காலம் பெண் மாடிக்குப் போகிறேன் என்றால், துணி எடுக்கப் போகவில்லை என்பது அம்மாக்களுக்கும் தெரியும்.

மாடியின் பெருமை அதன் தரை. முதலாளி கடனை உடனை வாங்கி முழுக்க மரப்பலகை பதித்து, முகம் தெரிகிற அளவுக்கு மெழுகு போட்டு வைத்திருந்தார். திறந்த முதல் வாரமே குதிகால் செருப்புகள் ஏறியதில் பலகையெல்லாம் அம்மைத் தழும்பாகிவிட்டது. மனிதர் அழாத குறை. அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டார்: உள்ளே வெறுங்கால், இல்லாவிட்டால் காலுறை. கழற்றுகிற செருப்பையும் ஷூவையும் யார் பார்த்துக்கொள்வது? அந்த வேலைக்குத்தான் என் நாத்தனார் போனார். கட்டினவர் வேலை தேடி வெளியூர் போனவர் போனவர்தான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வேறு வேலைக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

படி ஏறியதும் ஒரு மரக் கவுண்டர், அதற்குப் பின்னால் சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரி அறைகள். ஜோடியை வாங்கி, வாரையோ லேஸையோ ஒன்றோடொன்று முடிந்து, முனை வெளியே பார்க்கும்படி வைத்துவிட்டு, நம்பர் அடித்த அலுமினிய டோக்கன் ஒன்றை நம் கையில் கொடுப்பார். திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால் ஷூவை நம் கால் பக்கமாக வைத்துக் கேட்பார்: "நல்லா ஆடினியா?" பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. பதில் வரும் வரைக்கும் ஷூவின் மேலிருந்து கையை எடுக்கமாட்டார். ஒருமுறை நான், "ஆடறதுக்கு ஆள் கிடைக்கலக்கா" என்றேன். அக்காவைக் கூட்டிப்போக வந்து படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த தம்பியை மோவாயால் காட்டி, "அதோ ஒண்ணு சும்மாதான் உக்காந்திருக்கு" என்றார். அந்த ஒன்றுதான் இப்போது எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறது. ஆட்டம் அன்றும் வராது, இன்றும் வராது.

கவுண்டரின் ஓரத்தில் பழைய பூட்ஸ் ஒன்றை ஆணி அடித்துப் பதித்து வைத்திருந்தார். குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற ஆண்கள் அதன் லேஸைப் பூ மாதிரி முடிந்து காட்ட வேண்டும். முடிச்சு விழுந்தால் ஷூ கிடைக்கும். விழாவிட்டால் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். ஒரு டம்ளர் கட்டன் காப்பி, பிறகு மறுபடி பரீட்சை. காலில் ஒன்றும் இல்லாமல் பைக்கை உதைக்க யாருக்கும் மனசு வராது. வக்கீல், போலீஸ்காரர், முதலாளியின் மச்சான் என்று அந்த பெஞ்சில் உட்காராத பெரிய மனிதர் கிடையாது. "உங்க வீட்டு வாசல் வரைக்கும் நான் வர முடியாது சார். இங்கன்னா என்னால பாத்துக்க முடியும்" என்பார், அவ்வளவுதான். மற்ற இரண்டு கிளப்புகளிலிருந்தும் வீட்டுக்குப் போய்ச் சேராதவர்கள் உண்டு. மாடியிலிருந்து அப்படி ஒருவரும் இல்லை. இதை இந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பெண்களுக்கு மட்டும் தெரியும். டோக்கனை நம்பர் மேலே தெரியும்படி வைத்தால், செருப்பைக் கொடு, வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். கவிழ்த்து வைத்தால், பின்னால் ஒருத்தன் வருகிறான் என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேச வேண்டாம். பெயின்ட் கடை வழியாக இறங்குகிற பின்படிக் கதவை அவர் காலாலேயே தள்ளித் திறந்துவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவனுடைய ஷூ மட்டும் என்ன தேடியும் கிடைக்காது. இதை எந்தப் பெண் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று தெரியாது. எனக்குத் துணிக்கடையில் கூட வேலை பார்த்தவள் சொன்னாள்.

ஒரு மழை நாளில், வெள்ளைச் செருப்பு போட்டு வந்த ஒரு பெண் டோக்கனைக் கவிழ்த்து வைத்தாள். வைத்த அவசரத்தில் அது கவுண்டரில் உருண்டு தரையில் விழுந்துவிட்டது. பொறுக்கிக்கொண்டு நிமிர்வதற்குள் அவன் கதவருகே வந்துவிட்டான். பெரிய இடத்துப் பிள்ளை. கூண்டில் தேடி எடுக்க நேரம் இல்லை. நாத்தனார் தன் காலில் இருந்ததைக் கழற்றித் தள்ளிவிட்டு, "போ" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் டோக்கனைக் கையில் பிடித்தபடியே ஓடிவிட்டாள். அவன் ஷூ எங்கே என்று குதித்தான், இவளை வேலையை விட்டுத் தூக்கு என்று முதலாளியைக் கூப்பிட்டான். "கிடைச்சா குடுக்கமாட்டேனா? அதை வேகவச்சா திங்கப்போறேன்?" என்று இவர் நிதானமாக ஒவ்வொரு கூண்டாகத் தேடிக்கொண்டிருந்தாராம். அன்று வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து தம்பியிடம், "அறுந்துபோச்சுடா" என்றார். எனக்கு மட்டும்தான் உண்மையைச் சொன்னார். அந்தப் பெண் பிறகு வரவே இல்லை. வெள்ளைச் செருப்பு கூண்டிலேயே இருந்தது.

முதலாளி காலமானதும் மாடியை மூடினார்கள். இப்போது அங்கே கண்ணாடிக் கடை இருக்கிறது. ஆள் வந்து வாங்காத ஜோடிகளை எல்லாம் நாத்தனார் ஒரு சாக்கு மூட்டையில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இதற்கும் ஒரு சண்டை போட்டேன். "டோக்கன் குடுத்தா திருப்பிக் குடுக்கணும்ல" என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

மகள் வளர்ந்து இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குப் போனாள். கிளப் இருக்கிற ராத்திரிகளில் என் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள், நல்ல பெண். ஆனால் 'செருப்பு பாக்கிறவ மக' என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய பேச்சு அவளுக்குள்ளேயே கிடந்தது. ஆபீசில் ஒரு பையனைப் பிடித்துப்போனது. அம்மா ஷூ கடையில் சூப்பர்வைசராக இருந்தார் என்று அவனிடம் சொல்லிவைத்துவிட்டாள். பையனின் அம்மா தலைமையாசிரியை, பள்ளிக்கூடமே நடுங்குமாம். அவர், பெண்ணை வந்து பார்க்காமல் சம்மதம் சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.

அவர்கள் வருகிற நாளன்று காலையில் பெண் கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தாள். பின் சந்தில் குப்பைத் தொட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்து கையைக் கழுவினாள்.

"அம்மா, டான்ஸ் கிளப்புன்னு தயவுசெஞ்சு வாயைத் திறக்காத. அவங்களுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு."

நாத்தனார் தலையை ஆட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெண்ணை இரண்டு போட்டிருப்பேன். "அண்ணி, நீங்க சும்மா இருக்கலாம், நான் இருக்கமாட்டேன்" என்று நாத்தனாரிடம் சொன்னேன்.

"விடுடி. அவளுக்கு அந்தப் பையன்னா உசுரு. என் வேலையைப் பத்தி யாருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் நாற்காலியைத் துடைத்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

தலைமையாசிரியை மகனோடு வந்தார். விறைப்பான பருத்திப் புடவை, கண்ணாடி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பையன் நெளிந்தான்.

"நீங்க எங்க வேலை பாத்தீங்க?" என்று நேராகக் கேட்டார்.

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள். "ஷூ கடையிலங்க ஆன்ட்டி. இப்ப அது இல்ல."

"கடையா? அப்ப என் செருப்பு ஒரு ஜோடி அந்தக் கடையிலதான் நிக்குது."

கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து டீப்பாயின் மேல் வைத்தார். தேய்ந்து மங்கிய அலுமினிய வட்டம். கவிழ்த்து வைத்திருந்தார்.

எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நாத்தனார் எழுந்து கிட்டே போய், அந்த முகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு டோக்கனை ஒரு விரலால் திருப்பி நம்பர் மேலே வரும்படி வைத்தார்.

"நேரா வைம்மா. இப்ப பின்னாடி யாரும் வரல."

பள்ளிக்கூடமே நடுங்குகிற அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். பையனின் போனில் எங்கள் பெண் தன் அம்மாவோடு நிற்கிற போட்டோவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். "அன்னிக்கு நீங்க அந்தக் கதவைத் திறக்கலைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு எனக்கே தெரியாதுக்கா. திரும்பி வந்து சொல்லணும்னு நினைப்பேன், படியேறத் தைரியம் வராது. உங்க செருப்பு பிஞ்சு போற வரைக்கும் அதைத்தான் போட்டுட்டு காலேஜுக்குப் போனேன்" என்றார். பிறகு எங்கள் பெண்ணைப் பார்த்து, "இவங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வருதுன்னா எனக்கு வேற என்னம்மா வேணும்? கடைன்னு ஏன் சொன்ன?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

பெண் சட்டென்று எழுந்து சமையலறை வழியாக ஓடினாள். சின்ன வயதில் டம்ளரை உடைத்துவிட்டு ஓடுகிற அதே ஓட்டம். பின் சந்தில் தொட்டி உருள்கிற சத்தம் கேட்டது. குப்பை வண்டிக்காரர்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்களோ என்று நான் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நாத்தனார் பின்வாசலைப் பார்த்தபடி நின்றார்.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். புதுப் புடவையெல்லாம் சந்து அழுக்கு. நடுக்கூடத்தில் இறக்கி, அவளே முடிச்சை அவிழ்த்து, "அம்மா, எந்த நம்பர்?" என்று கேட்டாள். அம்மாவின் வேலையைப் பற்றி அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"வெள்ளை. வாரு சேத்து முடிஞ்சிருப்பேன் பாரு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை பழுப்பாகியிருந்தது, முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, முடிச்சை அவிழ்த்து, அந்த அம்மாளின் கால் பக்கமாக ஜோடியை வைத்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"நல்லா ஆடினியா?"

"அன்னிக்குப் பாதியிலயே வந்துட்டேன்க்கா."

"அதனால என்ன," என்றார் என் நாத்தனார். "மிச்சத்தைக் கல்யாணத்துல ஆடிடுங்க சம்பந்தி."