வால் நிற்காத பல்லி

“…நான் கேக்கலம்மா, ஊரு கேக்குது. ரெட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு இதெல்லாம் உனக்குத் தேவையான்னு” என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவர் கண் என்மேல் இல்லை. ஜன்னலோரம் பழைய பெட்ஷீட் போட்டு மூடி வைத்திருந்த என் ஆரித் தையல் ஸ்டாண்டின்மேல் இருந்தது.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. அவர் வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்கிறவர். காலையில் இங்கே வந்து என் இரட்டைப் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும், துணி மாடிக்குப் போகும். என் கணவருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. ஷிப்ட் பஸ் அவரை எந்த நேரத்தில் கொண்டுபோகும், எந்த நேரத்தில் கொண்டுவந்து போடும் என்று அவருக்கே தெரியாது. ஆகவே வீட்டில் நான், இரண்டு வயது நிரம்பிய ஒரு பையன், அதே வயது நிரம்பிய ஒரு பெண், அப்புறம் அண்ணி.

மற்றவர்கள் பேசுகிற பேச்சு எனக்குத் தின்பண்டம் மாதிரி. காதில் விழுந்தால் நாளெல்லாம் மென்றுகொண்டிருப்பேன். “ஒரே வலியில ரெண்டு, லாபம்தான் போ” என்று காய்கறி வண்டிக்காரர் சொன்னதை இன்றும் நினைத்துச் சிரிப்பேன். ஆனால் “ஊரு கேக்குது” என்ற பேச்சு மட்டும் தொண்டையில் நின்றது. ஊர் எந்த நாளில் மாடியேறி வந்து என்னைக் கேட்டது? ஊர் கேட்கிறது என்று யார் சொல்கிறார்களோ அவர்கள் வாயில்தான் அந்த ஊர் குடியிருக்கிறது. இது என் கணக்கு. அதனால் அன்றைக்கே அண்ணிமேல் எனக்கு ஒரு சந்தேகக் கண் விழுந்துவிட்டது.

ஆரி வேலையை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. வயிற்றில் இரண்டையும் சுமந்துகொண்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் படுக்கப்போட்ட மாதங்களில், செல்போன் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கட்டில் சட்டம் மாதிரி ஒரு ஸ்டாண்டு. அதில் ஜாக்கெட் துணியை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும். நுனி வளைந்த ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் இடது கை பிடித்திருக்கிற நூலை வளையமாக மேலே இழுக்க வேண்டும். வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொரு வளையம். பார்க்கச் சங்கிலி மாதிரி இருக்கும். முடிகிற இடத்தில் நூலை அடிக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். அந்த முடிச்சை நம்பித்தான் அத்தனை சங்கிலியும் நிற்கிறது.

இரண்டு வருஷமாக அக்கம்பக்கத்தாருக்குக் கழுத்தோரம் மணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, காந்தி ரோட்டுப் பக்கம் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கும் ஓர் அம்மா ஒரு வார்த்தை சொன்னார். “எல்லாரும் மயிலுதான் கொண்டாராங்க. மயிலப் பாத்துப் பாத்து எனக்கே தோகை மொளச்சிடும் போலக்குது. நீயா யோசிச்சி ஒண்ணு போட்டுக் கொண்டாம்மா. நல்லா இருந்தா கண்ணாடிக்குள்ள மாட்டறேன். அப்பறம் உனக்கு வேலைய நான் குடுத்துக்கினே இருப்பேன்.” கல்யாண சீசனுக்கு முன்னால் வர வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமையையும் சொன்னார்.

நானாக யோசித்தது பல்லி. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் தொட்டுக் கும்பிடத் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன அல்லவா, அவற்றைத் தொட இரண்டு பிள்ளைகளையும் ஒருமுறை தூக்கிப் பிடித்தேன். பெண் தங்கப் பல்லியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சத்தம் போட்டார்கள். அன்றே முடிவு செய்தேன். அரக்கு நிறப் பட்டில், ஒரு கையில் பொன் ஜரிகையில் ஒரு பல்லி, மறு கையில் வெள்ளி ஜரிகையில் ஒரு பல்லி. வால் மட்டும் நீளமாகச் சுருண்டு முழங்கைவரை இறங்கி வரும்.

“பல்லியா?” என்றார் அண்ணி. “கல்யாணப் பொண்ணு கையில பல்லி வுழுந்தா இன்னா பலன்னு காலண்டர்ல போட்டிருப்பான், பாத்துட்டுப் போடும்மா.”

என் கணவர் அதற்கு மேல். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்தபோது தீர்ப்புச் சொன்னார். “இந்த ஒரு ஜாக்கெட் போடு. அந்தக் கடையில எடுத்துக்கினா பாக்கலாம். இல்லன்னா ஸ்டாண்டு பரண்மேல போவுது. பசங்க ஸ்கூலுக்குப் போற வரைக்கும் எறங்காது. ஊசியும் முத்துமா இருக்குது வீடு. எனக்கு வேலையில இருந்தாக்கூட பயமாக்கீது.”

பயம் பொய்யில்லை. பையன் ஒரு முத்தை விழுங்கி, அது வெளியே வரும்வரை நாங்கள் பட்ட பாட்டை நாங்கள்தான் அறிவோம். அதற்குப் பிறகு ஊசி ஃப்ரிட்ஜின்மேல், முத்து அலமாரி உச்சியில், ஸ்டாண்டு ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டினபடி. அதனால் நானும் சரி என்று தலையாட்டினேன். உடனே அண்ணி, “பரண்ல எடம் இருக்குது. நான் பாத்தேன்” என்றார்.

ஏன் பார்த்தார்? யார் பார்க்கச் சொன்னது? இதை ஒரு வாரம் மென்றேன்.

மத்தியானம் அண்ணி தன் வீட்டுக்குப் போன பிறகு பிள்ளைகள் தூங்குகிற நேரம்தான் என் நேரம். கீழ் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு இரண்டும் பழகிவிட்டதால் அது ஓடும்வரை தூங்கும், நின்றால் எழும். அந்தச் சத்தத்தை நம்பி ஊசி பிடிப்பேன். தலையில் தொடங்கி, முதுகில் இறங்கி, வால் நுனியில் முடித்து அடியில் முடிச்சுப் போட்டேன். தங்கப் பல்லி உயிரோடு இருந்தது.

மறுநாள் பெட்ஷீட்டை எடுத்துப் பார்த்தால் பல்லிக்கு வால் இல்லை. ஜரிகை சுருள் சுருளாக மேலே நின்றது. தொட்டேன், சரசரவென்று முதுகுவரை பிரிந்து கையோடு வந்துவிட்டது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். முடிச்சு நழுவியிருக்கும் என்று மறுபடி போட்டு, இந்த முறை இரட்டை முடிச்சு. மறுநாள் மறுபடி வால் இல்லை. அதற்கு அடுத்து மிளகு பருமனுக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். அதுவும் போனது. முடிச்சு எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம் வால் போனது. வெள்ளிப் பல்லிக்கும் அதே கதி.

அடுத்து பிள்ளைகளை நிறுத்தி விசாரித்தேன். “யாரு பல்லியப் பிச்சது?” பையன் தங்கையைக் காட்டினான். தங்கை அண்ணனைக் காட்டினாள். அப்புறம் இருவரும் சேர்ந்து ஃப்ரிட்ஜைக் காட்டினார்கள். நான் கொஞ்சம் அதட்டியதும் ஒரு சாட்சி இன்னொரு சாட்சியின் கையைக் கடித்துவிட்டது. விசாரணை கலைந்தது. ஆனால் அழுகை ஓய்ந்ததும் பெண் தானாக வந்து என் மடியில் ஏறி, “அத்த… டிக்… டிக்…” என்றாள். இரண்டு விரலைச் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள்.

அத்தை என்றால் அண்ணிதான்.

அன்றிலிருந்து அண்ணியைப் போலீஸ்காரி மாதிரி பார்த்தேன். அவர் போகும்போது புடவை மடிப்பில் பொன் நிறத்தில் ஒரு பிசிறு ஒட்டியிருந்தது. அவர் வீட்டிலும் ஜரிகைதானே, அங்கிருந்தும் வந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. நான் சமையலறையில் இருக்கும்போது கூடத்தில் சத்தமே இல்லாமல் போகும். இரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு இருக்கிற வீட்டில் சத்தம் இல்லை என்றால் அது நல்லதுக்கில்லை என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். “இன்னா அண்ணி, சத்தமே காணோம்?” என்று குரல் கொடுத்தால், “வெளையாடறோம்மா, நீ உன் வேலையப் பாரு” என்று அடங்கின குரலில் பதில் வரும்.

கணவரிடம் சொன்னேன். “எங்க அக்காவையா சொல்ற?” என்றார். நான் வாய் திறக்குமுன், “நீ போடற முடிச்சி சரியில்லையோ இன்னாவோ. வீடியோ பாத்துக் கத்துக்கினதுதான அது” என்று முடித்தார். அக்காவும் தம்பியும் கூடிப் பேசித்தான் இது நடக்கிறதோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி வந்து, வேண்டாம் என்று வாயால் சொல்லாமல், வால் வாலாகப் பிரித்து என்னைப் பரண்மேல் ஏற்றுகிற திட்டம். தனியாகத் துணி காயப்போடும்போது இப்படியெல்லாம் நன்றாகவே தோன்றும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் கடையில் கொடுக்க வேண்டும். முந்தின நாள் மத்தியானம் இரண்டு பல்லிக்கும் வால் போட்டு, அடியில் இருப்பதிலேயே பெரிய முடிச்சாகப் போட்டு வைத்திருந்தேன். காலையில் அண்ணி வந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டதும், “கொத்தமல்லி இல்ல அண்ணி, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, சத்தம் கேட்க நாலு படி இறங்கினேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப ஏறினேன். கதவை விரலால் தள்ளினேன்.

ஸ்டாண்டின்மேல் போட்ட பெட்ஷீட்டை நாலு பக்கமும் தொங்கவிட்டுக் கூடாரம் மாதிரி ஆக்கியிருந்தார்கள். அடியில் தரையோடு மூன்று ஜோடிப் பாதங்கள் தெரிந்தன. இரண்டு ஜோடி சின்னது. ஒன்று மெட்டி போட்டது. தினமும் இந்தக் கூடார விளையாட்டுதான் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“தல தூக்காத கண்ணு, துணி மேல முட்டுது பாரு, அம்மா வேல கெட்டுப்பூடும். இதப் பாரு, இன்னிக்கி எம்மாம்பெரிய முடிச்சி! பாவம், உங்கம்மாவுக்கு யாருமே சொல்லித் தரல.”

டிக்.

பெட்ஷீட்டைத் தூக்கினேன். லாரிக்கு அடியில் மெக்கானிக் படுத்திருப்பதுபோல அண்ணி மல்லாந்து படுத்திருந்தார். ஒரு கையில் சின்ன இடுக்கி, மறு கையில் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி. இரண்டு பக்கமும் என் பிள்ளைகள் அதே மாதிரி மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தபடி.

திருட்டு முழி முழிப்பார் என்று நினைத்தேன். அண்ணி என் கையைப் பார்த்தார். “அதுக்குள்ள வந்துட்டியா? கொத்தமல்லி எங்க? செருப்பத் தூக்கிக்கினு நிக்கற?”

செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“வா, வந்து படுத்துப் பாரு. மேல சாமி மாதிரி இருக்குது, கீழ பாத்தா ஒரே முடிச்சி. உனக்கு அடிப்பக்கம் தெரியாது, நாங்கதான் தெனம் படுத்துக்கினு பாக்கறோம். கடைக்காரம்மா கையில வாங்கினதும் திருப்பித்தாம்மா பாக்கும். தறியில அறுத்த புடவைய நான் எத்தினி வருசமா மடியில போட்டு முடிச்சி எடுக்கறேன், ஒரு பிசிறு இருந்தா மொதலாளி மூஞ்சியில எறிவாரு. நீ சொல்லாமப் போட்டுக்கினு போயி அசிங்கப்பட்டுடப்போறன்னுதான் நானே எடுத்துக்கினு வரேன். உங்கிட்ட சொன்னா, அண்ணி கொற சொல்றாங்கன்னுவ.”

செருப்பைக் கீழே போட்டுவிட்டு, மேலே வெள்ளிப் பல்லியின் வால் நுனியைப் பிடித்து இழுத்தேன். கீழே அவர் கண் முன்னால் தையல் புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்திருக்க வேண்டும். வால் போனது, இடுப்பு போனது, முதுகில் பாதி போனது. பிள்ளைகள் இரண்டும் கைதட்டின. “பல்லி போச்சி! பல்லி போச்சி!”

கூடாரத்துக்குள் கத்தரியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“முடிச்சிதான்… புடிச்சிக்கினு இருந்துதா?” என்றார்.

“ஆமா அண்ணி.”

“தெனமுமா?”

“தெனமும்.”

“சாயங்காலம்தான குடுக்கணும்?”

நான் தலையாட்டினேன். அது அடியில் படுத்திருந்தவருக்குத் தெரிந்திருக்காது. அண்ணி தவழ்ந்து வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கோபமா, வெட்கமா, இனி இந்தப் பக்கமே வரமாட்டாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் இடுக்கியையும் கத்தரியையும் ஃப்ரிட்ஜின்மேல், என் ஊசிகளுக்குப் பக்கத்தில், எட்டி வைத்துவிட்டு, ஒரு ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினார். பையனை ஒரு இடுப்பிலும் பெண்ணை மறு இடுப்பிலும் ஏற்றிக்கொண்டார். பாதி கொதித்த குழம்பின் அடுப்பை முழங்கையாலேயே அணைத்தார். காலால் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே போய், நான் கூப்பிடுவதற்குள், வெளிப்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டார்.