பவளத்துக்குப் போட்ட பூட்டு

பால்காரர் பாலில் தண்ணீர் ஊற்றுகிறார் என்று எல்லோரும்தான் சந்தேகப்படுவார்கள். நான் அவர் ஊற்றும் தண்ணீரையும் சந்தேகப்படுகிறவன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு கோவில்பட்டி வாடகை வீட்டில் ஒரு கடல் உயிரை வளர்த்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன்.

தூத்துக்குடி மீனவர் ஒருவர் வலையில் கல்லோடு சிக்கிவந்த மென்பவளத்தை எனக்குக் கொடுத்தார். உள்ளங்கை அகலம், தடித்த தோல் போன்ற பழுப்பு உடம்பு. வெளிச்சம் பட்டால் மேலெல்லாம் பொடிப்பொடியாக விரல்களை நீட்டிக்கொள்ளும். முன்னறை ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியில் வைத்தேன். மாதம் ஒருமுறை பஸ்ஸில் இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவருவேன். கண்டக்டர்கள் கேனை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

எங்கள் ஊர் வெயிலில் வாளித் தண்ணீரே ரெண்டு நாளில் பாதியாகிவிடும். ஏழு மாதமாக என் தொட்டியில் மட்டும் தண்ணீர் இறங்கவே இல்லை. நான் அளவு சொல்லி வெட்டுவித்த கண்ணாடி மூடியின் பெருமை அது என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. மூன்றாம் நாள் மெழுகு பூசினாற்போல் மேலே ஒரு படலம். தண்ணீரை முகர்ந்தேன், நாற்றம் இல்லை. தொட்டுப் பார்த்தேன், கொழகொழப்பு இல்லை. நோய் இல்லையென்றால் யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

முதல் சந்தேகம் பின்வீட்டு அண்ணாச்சி மேல். அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் வாடை எங்கள் வீடு வரை வரும். கேட்டே விட்டேன். "இந்த வாடையில எம் புள்ளைகளே நல்லாத்தான் இருக்கு. ஒங்க கல்லுக்கா சார் கேடு?" என்றார்.

அடுத்தவர் பவளத்தைக் கொடுத்த மீனவர். கேனோடு போனபோது விசாரித்தேன். "அது தோல் உரிக்கும் சார். பத்து நாள் சும்மா விடுங்க" என்றார். பழுதான சரக்கைத் தலையில் கட்டியவர் வேறென்ன சொல்வார் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

மிச்சமிருந்தது என் மனைவி. ஒருநாள் மதியமே பள்ளி விட்டு வந்தபோது மூடியின் ஓரத்தில் ஈரம் இருந்தது.

"ஏட்டி, அதை என்ன செஞ்ச?" என்றேன். கேட்ட விதத்திலேயே தீர்ப்பும் இருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆசாரியை அழைத்து மூடிக்கு மரச்சட்டம் அடித்து, நாதாங்கி வைத்து, டிரங்குப் பெட்டிப் பூட்டை மாட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

ஐந்தாறு நாளில் படலம் உரிந்து மிதந்தது. பவளம் விரிந்தது. மீனவர் சொன்னது நினைவுக்கு வந்தும், பூட்டுதான் காப்பாற்றியது என்றே நம்பினேன்.

ஆனால் சித்திரை பிறந்ததும் தொட்டித் தண்ணீர் முதல்முறையாக இறங்கியது. இறங்க இறங்க, கேனில் இருந்த கடல் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். மூன்று வாரத்தில் பவளம் மறுபடி சுருங்கியது. இந்தத் தடவை படலம் இல்லை. ஓரங்கள் கறுத்துக் கரைந்தன, தண்ணீர் நாறியது. சாகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. பூட்டைத் திறந்து போட்டுவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

மனைவி வந்தாள். ஒரு விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தாள்.

"ஊறுகா ஜாடித் தண்ணி மாதிரில்லா கரிக்குது" என்றாள். "நீங்க பள்ளிக்கூடம் போன பொறவு துளசிக்கு ஊத்தையில இதுக்கும் ஒரு செம்பு ஊத்துவேன். பானையில இருக்க நல்ல தண்ணிதான். வெயில்ல வத்துதேன்னு பாவமா இருந்துச்சு. நீங்க பூட்டிட்டீங்க."

வற்றும்போது போவது தண்ணீர்தான், உப்பு தங்கிவிடும். பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம். உப்பின்மேல் உப்பாக ஊற்றியிருக்கிறேன். குழாயில் எப்போதோ வரும் குடிதண்ணீருக்கு அவள் வரிசையில் நின்று சண்டை போடுவதும் எனக்குத் தெரியும். அதில் தினம் ஒரு செம்பை என் பவளத்துக்குக் கொடுத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

சவர பிளேடை வெந்நீரில் கழுவி, கறுத்த ஓரங்களை நறுக்கி எடுத்தேன். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் மொண்டு கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை நாளுக்குச் சிறிதாக அவளையே ஊற்றச் சொன்னேன். நாதாங்கியையும் பிடுங்கிப் போட்டேன். பவளம் அப்படியே சுருங்கிக் கிடந்தது. எனக்கோ விடைத்தாள் திருத்தும் வேலை. விடியுமுன் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தேன். மிஞ்சியிருந்த பாதி உடம்பில் விரல்கள் அத்தனையும் நீட்டியிருந்தன. சத்தம் போட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"வியாழக்கிழமையே விரிஞ்சிட்டு" என்றாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "சொன்னா, அதை என்ன செஞ்சன்னு கேப்பீங்க."