பட்டனை அமுக்கிய பிறகு வரும் பக்கம்

போன வாரம் மோகனூரில் ஒரு வீட்டுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோனோம். அதே வீட்டுக்கு இரண்டாவது முறை. முதல் பெட்டி அப்பாவுக்கு. இப்போது அம்மாவுக்கு. அப்பாவின் கருமாதிகூட இன்னும் முடியவில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும் — உறவுகள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்தி வைக்கிற குளிர்பெட்டியை வாடகைக்கு விடுவது. வீட்டுக்காரர் போன பிறகு நாமக்கல்லில் நானே நின்று நடத்துகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இந்தப் பத்தியைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள் கவிதாதான் எழுதுகிறாள். ஆனால் பெட்டி இறக்கிய எந்த வீட்டிலும் இதுவரை யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

"அத்தை, செவுத்துல இருக்கற நம்பரை இப்ப யாருங்க பாக்கறாங்க? எல்லாம் போன்லதான் தேடறாங்க" என்றாள் கவிதா. சரி என்று சேலத்தில் ஒரு கம்பெனியிடம் லேண்டிங் பேஜ் செய்யக் கொடுத்தோம். போனில் நம் விளம்பரத்தைத் தொட்டால் நேராக வந்து இறங்குகிற பக்கம்.

முதலில் காட்டியதைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு குடும்பமே பல்லைக் காட்டிச் சிரிக்கிறது! தள்ளுபடி முடியப் போகிறது என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. நிரப்புவதற்கு வரிசையாகக் கட்டங்கள்.

"ஏம்மிணி, எழவூட்டுல நிக்கறவன் ஈமெயிலு எழுதிக்கிட்டா இருப்பான்?"

எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். பெட்டியின் படம். ஊரும் போன் நம்பரும் போட இடம். ஒரு பட்டன். அழுத கண்ணோடு வருகிறவருக்கு வேறென்ன வேண்டும்? பக்கம் நன்றாகவே வேலை செய்தது.

பட்டனை அமுக்கியதும் இன்னொரு பக்கம் வரும் என்பது எனக்குத் தெரியாது. கவிதாவும் பார்க்கவில்லை. அமுக்குகிறவர் மட்டுமே பார்க்கிற பக்கம் அது... தன் வீட்டுக்குப் பெட்டி வேண்டும் என்று யாராவது சும்மா அமுக்கிப் பார்ப்பார்களா?

மோகனூரில் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அந்த வீட்டு மகன் லாரி ஓட்டுபவர். போனை நீட்டினார்.

"ஏனுங்கம்மா, இது நீங்க போட்டதுங்களா?"

எழுத்துக் கூட்டினேன். 'நன்றி! மீண்டும் வருக!'

துக்க வீட்டில் யாரையும் 'வாங்க' என்று அழைப்பதில்லை. கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்வதும் இல்லை. வேலைக்குச் சேருகிற ஆட்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

"அப்பனுக்கு புக் பண்ணுனப்பவும் இதேதான் வந்துச்சுங்க. என்னடா எழுதியிருக்குதுன்னு எங்கம்மா கேட்டுச்சு. நானும் ரோசனை இல்லாம படிச்சுக் காட்டிப்போட்டனுங்க."

"அம்மா என்ன சொல்லுச்சு சாமி?"

"'செரி, அடுத்தது என்னையத்தான் கூப்புடறாங்க'ன்னுச்சு. அப்புறம் சோத்துல கையே வெக்கலீங்க... நாந்தான் படிச்சுக் காட்டிக் கொன்னுபோட்டனுங்களா?"

அந்த அம்மா எதனால் போனார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லவும் எனக்கு வராது.

"எழுதுனது நாங்க சாமி. நீ படிச்சதோட சரி. பழியின்னா அது எங்களுக்குத்தான்."

அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

(கவிதா, பேனாவை ஏன் நிறுத்திவிட்டாய்? எழுது.)

வீடு வந்ததும் சேலத்துக்குப் போன் போட்டேன். 'வண்டி கிளம்பிவிட்டது' என்று மட்டும் போடுங்கள், மற்றதை எல்லாம் அழியுங்கள் என்றேன்.

"துணிக்கடைக்கும் இதே டெம்ப்ளேட்தானுங்கம்மா. கஸ்டமருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாம எப்படிங்க அனுப்பறது?"

எப்படியா? மோகனூரில் அந்த வாசலைவிட்டு நான் கிளம்பினேனே, அப்படித்தான்... ஒன்றும் சொல்லாமல்.