தெருவே தாளிக்காத நாட்கள்

ஒரு வாய் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல் என் வீட்டுக்காரர் கிடந்தார். அந்த நாள் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மாரியாத்தா கோயில் வெள்ளிக்கிழமை விளக்குக்கு வரும் நீங்கள் எல்லாரும், "ஆத்தா உனக்கு என்ன செஞ்சா, சொல்லேன்" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். அழுதுவிடுவேன் என்றுதான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

1980, பங்குனி மாதம். நாங்கள் சுரக்குடிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் பள்ளிக்கூட வாத்தியார், மாற்றலில் வந்தவர். எனக்குப் பிறந்த ஊர் சேலம் பக்கம். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். இரண்டு பக்கத்திலும் "எங்க வாசலை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார்கள். சரிதான் போங்கள் என்று நாங்களும் வந்துவிட்டோம். அவருக்கு நான், எனக்கு அவர், துணைக்கு ஒரு ரேடியோ. சந்தோஷமாக இருக்க இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம். தெருவில் எல்லாரும் நல்லவர்கள்தான். "வாத்தியார் வீட்டுல என்ன கொழம்பு?" என்று கேட்பார்கள். சொல்லுவேன். அத்தோடு என் பழக்கம் முடிந்தது.

முதலில் காய்ச்சல் வந்தது. காரைக்காலுக்குப் போய் டாக்டரைப் பார்த்தபோது மார்பில் முத்து முத்தாகப் போட்டிருந்தது. அம்மை. "சின்னப் பிள்ளைகளுக்கு வந்தா சீக்கிரம் சரியாயிடும்மா. பெரியவங்களைப் போட்டுப் படுத்திடும். தண்ணி எறங்கலைன்னா வீட்டுல வச்சிருக்காதீங்க, உடனே கொண்டாந்துடுங்க" என்று சொல்லி மருந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வேப்பிலை பரப்பி அவரைப் படுக்க வைத்தேன். வாசலில் ஒரு கொத்துச் செருகினேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அம்மை கண்டு வீட்டில் அம்மா இருக்கும்போது வேறு யாரையும் வாய் திறந்து "வாங்க" என்று கூப்பிடக் கூடாது. அவள் வந்திருக்கும்போது இன்னொருத்தரை வரவேற்பதா என்று கோபித்துக்கொள்வாளாம். அக்கம்பக்கத்தார் தாங்களாகவே கொல்லைப்பக்கமாக வந்து, என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்துவிட்டுப் போவார்கள். நான் அப்படிப் பார்த்து வளர்ந்தவள். அதனால் காத்திருந்தேன்.

ஒருவரும் வரவில்லை. எங்கள் வாசலில் கூத்தடிக்கும் பிள்ளைகளைக்கூடக் காணோம். எதிர்வீட்டுத் தனபாக்கியம் அக்கா குடத்தோடு போகும்போது வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார், நிற்காமல் போய்விடுவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உச்சிப்பொழுது ஆனால் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கடுகு வெடிக்கும், கருவேப்பிலை மணக்கும். அதுவும் இல்லை. எங்களுக்குப் பயந்து கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். பெற்றவர்களே கைவிட்டபோது ஊரார் மேல் என்ன குற்றம் சொல்வது?

அவருக்கு வாய்க்குள்ளும் முத்து இறங்கிவிட்டது. இளநீர் கொடுத்தேன், கடைவாயில் வழிந்தது. கஞ்சித் தெளிவு கொடுத்தேன், அதுவும் வழிந்தது. பிறகு என்னையே யாரென்று தெரியாமல் பார்த்தார். டாக்டர் சொன்ன கட்டம் வந்துவிட்டது என்று புரிந்தது. ஆனால் அம்மா இறங்காமல் வாசப்படி தாண்டிக் கூட்டிப் போகலாமா? போகலாம் என்றாலும் யார் தூக்குவது? எதில் கொண்டுபோவது?

அடுப்பங்கரையில் விழுந்து அழுதேன். "தாயே, இவரை விட்டால் எனக்கு நாதி இல்லை. இவர் உயிரை மட்டும் கொடு. உதவிக்கு ஒரு ஆளைக் காட்டு. இந்தத் தெருவில் எனக்கு யாரும் இல்லையே!" இதற்கு மேல் எனக்கு மந்திரமும் தெரியாது, ஸ்லோகமும் தெரியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது எதிர்வீட்டில் சண்டை. தனபாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் கோவிந்தசாமி அண்ணன் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் குரல் தெருவுக்கே கேட்கும்.

"இன்னைக்கும் இதே கொழம்பா? கழுநீராட்டம் இருக்குடி. ரெண்டு கடுகு தாளிச்சா கொறஞ்சா போயிடுவ?"

"எதிர்த்த வீட்டுல ஆத்தா வந்து உக்காந்திருக்கா. தெருவுல ஒரு வீட்டுலயும் தாளிக்கல. உங்க நாக்குக்காக நான் ஒருத்தி மட்டும் தாளிக்கணுமா? அந்தப் பொண்ணு தனியாக் கெடந்து அல்லாடுது."

"அல்லாடுதுன்னா போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"ஆத்தா இருக்கற வீட்டுக்குள்ள கூப்பிடாம எப்படி நொழையறது? நானும் தெனம் அந்த வாசல் வழியாத்தான் போறேன். அது ஒரு வார்த்தை கூப்பிட மாட்டேங்குதே!"

அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், அது எங்கள் ஊரிலும் உண்டு. தெரு முழுவதும் சேர்ந்து நாக்கைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. யாருக்காக? பேர்கூடச் சரியாகத் தெரியாத எங்களுக்காக! அவர்கள் நான் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தார்கள். நான் அவர்கள் தாமாக வர வேண்டும் என்று காத்திருந்தேன். இரண்டு பக்கமும் பயந்தது ஒரே ஆத்தாளுக்கு.

கோபம் வந்தால் என்மேல் காட்டு தாயே என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தேன். "அக்கா, வாங்கக்கா!" என்று கத்தினேன். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அவரைப் பார்த்ததும் அண்ணன் வண்டி பூட்டப் போனார். "அம்மா எறங்காம வெளியில கொண்டுபோகலாமா அக்கா?" என்று கேட்டேன். "ஆத்தாளும் வண்டியில ஏறிக்கிட்டு வரட்டும், அடுத்தவ புருசன் சாகணும்னா அவளுக்கு ஆசை?" என்று சொல்லிவிட்டு, அக்கா நுகத்தடியிலும் வண்டியின் நாலு முளைக்குச்சியிலும் வேப்பிலையைக் கட்டினார். அதற்குள் வாசலில் கூட்டம். ஒருத்தி தலையணை கொண்டுவந்தாள். ஒருத்தி என் தலையை வாரிவிட வந்து, அம்மா இருக்கும்போது சீப்பு படக்கூடாது என்று நினைவு வந்து, கையாலேயே கோதி முடிந்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு இன்னொருத்தர் கை என் தலையில் பட்டது. வண்டியில் உட்கார்ந்து நான் அழுதது பயத்தால் மட்டும் இல்லை.

பெரியாஸ்பத்திரியில் தனி அறையில் போட்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இன்னும் தாமதிச்சிருந்தா சிரமம்" என்றார் டாக்டர். ஏற்கெனவே அம்மை கண்டவர்களாகப் பார்த்துத் தெருவிலிருந்து முறை வைத்து வந்தார்கள். ஒருத்தி போனால் ஒருத்தி. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து என்னைச் சாப்பிட வைத்து, மாமியாரைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிக்கவும் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு. எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கண் விழித்து என் பேரைச் சொன்னபோது மரத்தடியில் குலவைச் சத்தம். நர்ஸ் வந்து விரட்டினார்.

வீடு திரும்பி, அம்மை இறங்கியதும் தலைக்கு ஊற்றும் தண்ணீரை மூன்று தடவை ஊற்றினோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர், தனபாக்கியம் அக்கா கையால். வாசலில் செருகிய கொத்தை எடுத்து ஆற்றில் விட்டோம். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் கடுகு வெடித்தது. அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், தெருக்கோடி வரை. நல்லெண்ணெயும் கருவேப்பிலையும் பெருங்காயமுமாகத் தெரு மணந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "எல்லாரும் நமக்காகவா இருந்தாங்க?" என்று அவர் கேட்டார்.

பிறகு அவருக்குப் பாண்டிச்சேரிக்கு மாற்றல் வந்தது. அவரே போய் மன்றாடி நிறுத்திக்கொண்டார். அந்த ரேடியோ இப்போது எங்கள் வாசலில் பாடுகிறது, முறத்தோடு நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள், பேச்சில் பாட்டே கேட்பதில்லை. பிறந்த வீட்டில் இன்னும் பேசவில்லை. அந்த வலி இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஆனால் "என்னடி, வெளியில காணோம்?" என்று யாராவது அதட்டுகிறார்கள். அந்த அதட்டலைக் கேட்டுவிட்டுப் படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது.

என் வீட்டுக்காரர் உயிரை ஆத்தா கொடுத்தாள். சாகும்வரை அவளுக்கு விளக்குப் போடுவேன். உங்களில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் அழுதுகொண்டிருக்கலாம். அழுங்கள், அவள் கேட்பாள். அழுது முடித்ததும் எழுந்து கதவைத் திறந்து, எதிர்வீட்டுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆத்தா அந்தப் பேரில்தான் வருவாள்.