தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும்

செவ்வாய்க்கிழமை மதியம். ஆபீஸ் கேன்டீனில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நோர்பரியிலிருந்து குகன்.

தென்லண்டன் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்யாணங்களில் தாலி கட்டும் நேரம் பார்த்து மணவறையை மறைத்துக்கொண்டு கேமராவோடு ஒருவர் நிற்பாரே, பின்வரிசை மாமிகள் திட்டித் தீர்ப்பார்களே... அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். என் மகளின் பிறந்தநாளை வீடியோ எடுக்கக் கிங்ஸ்பரியில் என் வீட்டுக்கு வந்தவர், அப்படியே நண்பராகிவிட்டார்.

வழக்கமாக ஏதாவது நக்கலோடுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு நக்கல் இல்லை.

"அண்ணை, போன கிழமை நீங்கள் எழுதினது உண்மையோ?"

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியது இதுதான். இனி வெப் பக்கத்தில் படம் போடுவதுபோல வீடியோவையும் சுலபமாகப் போடலாம் என்கிறார்கள். எந்த ஃபார்மட்டில் என்று கேட்டால்தான் அடிதடி. ஒரு பக்கம் ஹெச்.264. பளிச்சென்று இருக்கும், ஆனால் உள்ளே ஏகப்பட்ட கம்பெனிகளின் பேட்டன்ட், அதாவது காப்புரிமை. இன்னொரு பக்கம் ஓக் தியோரா. யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பதிவு செய்யும் கேமரா ஒன்றைக் கடையில் காட்டுங்கள் பார்ப்போம்!

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். காரம் பத்தவில்லையே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன் — உங்கள் புதுக் கேமராவின் மேனுவலில் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள், தூக்கம் போய்விடும் என்று.

மேனுவலை யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். குகன் படித்துவிட்டார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறார்.

பொடி எழுத்தில் அங்கே இருப்பதன் சாரம் இது. இந்த ஃபார்மட்டில் வீடியோ எடுக்க உங்களுக்குத் தரப்படும் அனுமதி தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு அல்ல. குகனுக்கோ கல்யாண வீடியோதான் தொழில்.

நான் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. அப்புறம்தான் விஷயம் வந்தது. அவர் மேசையில் பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பம் பாதி நிரப்பியபடி இருக்கிறது. அடுத்த வாரம் புதன்கிழமை அதைச் சரிபார்க்கக் கவுன்சிலில் அப்பாயின்ட்மென்ட். அதில் ஒரு கேள்வி — நல்ல நடத்தை உள்ளவரல்ல என்று நினைக்க வைக்கும் காரியம் எதையாவது செய்திருக்கிறீர்களா?

"பதினொரு வருஷத்திலை ஒரு பார்க்கிங் டிக்கெட் கூட வாங்கேல்லை, அண்ணை. இப்ப இதிலை ஓம் எண்டு போடுறதோ, இல்லை எண்டு போடுறதோ?"

சாண்ட்விச்சை மூடி வைத்துவிட்டேன்.

குகனின் அம்மா சென்னையில் இருக்கிறார். பதினொரு வருஷமாக மகனைப் பார்க்கவில்லை. இப்போது கையில் இருப்பது அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரம்; அதற்கு இரண்டு தடவை இந்திய விசா மறுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தால் போகலாம். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது.

நான் எனக்குத் தெரிந்த சமாதானமெல்லாம் சொன்னேன். இது போலீஸ் விவகாரம் இல்லை. கல்யாண வீடியோக்காரரைத் தேடிக்கொண்டு எந்தக் கம்பெனியும் நோர்பரிக்கு வராது. ஊரெல்லாம் இதே கேமராவில்தானே எடுக்கிறார்கள்? பயப்படாமல் 'இல்லை' என்றே போடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"விளங்குது. கேக்கமாட்டினம் எண்டு எனக்கும் தெரியும். ஆனா கேட்டா?"

ஒரு காகிதத்தில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதை ஊரில் ராணுவ செக்பாயின்டில் நின்று பழகியவர் அவர். நான் மேனுவலைப் பார்த்துப் பழகியவன்.

வீட்டுக்கு வந்ததும் என் கேமராவின் மேனுவலை எடுத்தேன். அதே வரி. எடிட்டிங் சாஃப்ட்வேரில் 'சம்மதம்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேனே, அந்தப் பக்கத்தையும் திறந்தேன். அங்கேயும் அதே. போன மாதம்தான் கம்பெனிக்காக ஒரு பயிற்சி வீடியோவை இதே கேமராவில் எடுத்து வெப்பில் ஏற்றியிருந்தேன். அடுத்த வருஷம் குகனின் அதே படிவத்தை நானும் நிரப்பியாக வேண்டும்.

மறுநாள் ஆபீஸில் சட்டப் பிரிவு நண்பரைப் பிடித்தேன். அந்த வரி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதில் அவருக்கே குழப்பம். யாரும் கேட்க மாட்டார்கள், பயப்படாதீர்கள் என்றார். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து, இதை நான் சொன்னதாக எங்கேயும் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை நோர்பரிப் பக்கம் ஒரு கல்யாணம். எனக்கும் அழைப்பு. குகன் நின்றுகொண்டிருந்தார் — தோளில் பழைய டேப் கேமரா. புதியது எங்கே என்றேன். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். இது மட்டும் எப்படிப் பரவாயில்லை என்று கேட்டேன். இதின்ரை புத்தகம் எப்பவோ துலைஞ்சு போட்டுது, அதாலை இதிலை பயமில்லை என்றார்.

அந்த டேப்புக்குள்ளும் யாரோ ஒருவரின் பேட்டன்ட் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இனியும் ஒரு வரி எழுதி, இனியும் ஒரு கேமராவைப் பூட்ட வைக்க எனக்குத் தெம்பில்லை.

யோசித்துப் பாருங்கள். யாரும் யாருக்கும் நோட்டீஸ் அனுப்பவில்லை. கோர்ட்டுக்குப் போகவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி... ஒரு நேர்மையான மனிதன் நடுங்கிப்போய் நிற்கிறான். நேர்மையில்லாதவன் அந்தப் பக்கத்தைத் திருப்பவே மாட்டான். யாரும் உரிமை கொண்டாடாத பொது ஃபார்மட் வேண்டும், ஓபன் ஸ்டாண்டர்ட் வேண்டும் என்று சிலர் தொண்டை கிழியக் கத்துவதை இத்தனை நாள் நான் இன்ஜினியர்களின் வாய்க்கால் தகராறு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. தான் எடுத்த வீடியோவைத் தானே பயமில்லாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சொன்னபடியே 'இல்லை' என்று போட்டுவிட்டாராம். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் கேமரா பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். விண்ணப்பதாரர் நல்லவர்தான் என்று இரண்டு பேர் உத்தரவாதம் தர வேண்டும். ஒருவர் போட்டுவிட்டார். இன்னொரு இடம் காலி.

"நீங்கள் இந்த விசயம் தெரிஞ்ச ஆள், அண்ணை. நீங்கள் கையெழுத்துப் போட்டா எனக்குப் பயமில்லை."

கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரு எச்சரிக்கை. தெரிந்தே பொய்த் தகவல் தருவது குற்றம். இரண்டு தடவை படித்தேன். கையெல்லாம் சாம்பார், வீட்டில் போய் நிதானமாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். ஓம் என்று தலையாட்டினார். சந்தேகமே படவில்லை.

இன்று திங்கள். நாளை மறுநாள் அவருக்குக் கவுன்சிலில் அப்பாயின்ட்மென்ட். படிவம் என் எதிரே இருக்கிறது. பயப்படாதீர்கள் என்று அவருக்குச் சொன்னவன் நான்தான்.

உங்களுக்காக இத்தனை வரிகளையும் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன். குகனுக்காக என் பெயரைத்தான் இன்னும் எழுதவில்லை.